கொஞ்சம் அழுத்தி நடங்க

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வங்கிக்குள் நுழையும்போது சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொள்வார்கள். வெளியே வந்ததும், முன்பின் தெரியாத ஒருவர் பல் தெரியச் சிரித்தால், சட்டையையே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வகைக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்களா என்று தெரியாது. எங்கள் தெருவில் வைத்திருக்கிறோம். உஷார்.

உஷார் அண்ணன் பூட்டுக்கடை வைத்திருப்பவர். "யாரையும் நம்பக் கூடாது, உஷாரா இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே பூட்டு விற்றதில், அந்தச் சொல் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. மாலையில் அவர் கடையடைப்பதைப் பார்க்க வேண்டும். ஷட்டரை இறக்கி, இடப்பக்கம் ஒரு பூட்டு, வலப்பக்கம் ஒரு பூட்டு, நடுவில் ஒரு பூட்டு போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, நடுப்பூட்டில் மட்டும் உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்து, தெருமுனை வரை நடந்து, நின்று, யோசித்து, திரும்பி வந்து மறுபடியும் தொங்கி, "சரிதான்" என்று பூட்டிடமே சொல்லிவிட்டுப் போவார். பாதி வழியில் மீண்டும் திரும்பி வருவதும் உண்டு. மழைக்காலத்தில் குடையோடு தொங்குவார்.

இந்த வகையினர் வங்கியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர் முதலில் உட்கார இடம் பார்த்துக்கொள்வது நல்லது. சொல்வதெல்லாம் பொய்யும் அல்ல. வங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. பிடித்ததைச் சொல்ல ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. குறுஞ்செய்தி அனுப்பியதற்கு ஒரு கட்டணம் பிடிக்கிறது. நம் பணத்தைக் கேட்டால் "சிஸ்டம் வேலை செய்யல" என்கிறார்கள். அவர்களுக்கு நாம் தர வேண்டிய நாளில் அந்தச் சிஸ்டம் ஒருமுறையாவது படுத்ததுண்டா? இல்லை. ஆனால் அண்ணனின் உண்மையான கோபம் இதெல்லாம் அல்ல.

"நான் நான்தான்னு நான் நிரூபிக்கணுமாம்! இத்தனை வருஷமா இதே மூஞ்சியத்தானே கொண்டுபோறேன்? புதுசா ஒண்ணு வாங்கியா மாட்டிக்கிட்டேன்? நம்மள நம்பாதவன நாம எப்படிங்க நம்புறது?"

இதுதான் இந்த வகையின் முழுத் தத்துவமும். தன்னை நம்புகிறவரைத் தானும் நம்புவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொள்ளையடிக்க வருபவர் நம்மை முழுதாக நம்புவார் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.

அப்படி முழுதாக நம்பிய ஒருவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, காதில் ஏதோ மினுங்கும் கருவி. சலூனுக்கு மேலே மாடியில் அலுவலகம் திறந்திருக்கிறாராம். கடையிலேயே கனமான பூட்டு வேண்டுமாம். அண்ணன் ஏழு லீவர் பூட்டை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். வந்தவர் விலை கேட்கவில்லை. "அண்ணே, உங்க முகத்தப் பார்த்தாலே போதும்" என்றார். பூட்டைக் கடனாகத்தான் எடுத்துக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம்.

அண்ணன் அன்று மாலை என்னிடம் சொன்னார்: "பாருங்கய்யா, ஓடிப்போறவன் இவ்வளவு கனமான பூட்டு வாங்குவானா? நாலு லீவரே போதும்னு போயிருப்பான்ல?"

என்ன பதில் சொல்வீர்கள்? 

அந்த மாடி அலுவலகத்தில் விற்ற திட்டம் இதுதான். மனிதர்கள் நடந்தால் தரை அழுந்துகிறது. தரை அழுந்தினால் மின்சாரம் வருகிறது. வெளிநாட்டு விமான நிலையங்களில் இதற்கென்றே தரைக்கல் பதிக்கிறார்கள். ஒரு கல்லை நீங்கள் வாங்கிக்கொண்டால், அந்தக் கல்லை எவர் மிதித்தாலும் அந்த மிதிக்குரிய காசு உங்களுக்கு. நீங்கள் வீட்டில் காலாட்டிக்கொண்டிருக்கலாம். உலகம் உங்களுக்காக நடக்கும். மாதம் எத்தனை சதவீதம் வருமானம் என்பதைப் பிறகு சொல்கிறேன். எண்களில் எனக்கு அவசரம் பிடிக்காது.

அலுவலகத்தின் நடுவில் மாதிரிக்கு ஒரு கல் பதித்திருந்தது. அண்ணன் ஏறி நின்றார். சுவரில் ஒரு விளக்கு எரிந்தது. இறங்கினார். அணைந்தது. ஏறினார், எரிந்தது. இப்படி ஏறி இறங்கியதிலேயே கடையின் மூலதனத்தில் பாதி ஒரு கல்லுக்குப் போய்விட்டது. கையெழுத்து? வேண்டாம். அடையாள அட்டை? "உங்களுக்கெதுக்குண்ணே!" போனில் மட்டும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். கல்லை யாராவது மிதித்தால் அது 'டிங்' என்று அடிக்கும்.

அடித்தது, ஐயா, அடித்தது! சாப்பிடும்போது டிங். பல் விளக்கும்போது டிங். வாடிக்கையாளருக்குச் சாவி போட்டுக் காட்டும்போது டிங், டிங். "குடும்பத்தோட போறான் போல" என்பார். தடித்தவர்களைக் கண்டால் அவர் முகத்தில் புது மரியாதை வந்தது. எதிர்வீட்டு உடற்பயிற்சிக்காரரை எடை குறைக்க வேண்டாம் என்று மன்றாடினார். தெருவில் யார் பெட்டியோடு கிளம்பினாலும் வாசலுக்கு ஓடிவருவார்.

"ஏர்போர்ட்டுக்கா? கல்லு நம்பர் எழுதித் தர்றேன், பார்த்துக் கொஞ்சம் அழுத்தி நடங்க. முடிஞ்சா ஒரு குதி குதிச்சிடுங்க."

"அண்ணே, நான் பஸ்ஸுல போறேன்."

"பரவால்ல, பழகிக்குங்க."

இந்த மகிழ்ச்சியில் கலந்துகொள்ளாதவர் ஒருவர்தான். அண்ணனின் மனைவி. அந்த அம்மாள் தையல்காரர். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழியில்தான் அவருடைய மெஷின். வீட்டில் யார் குளிக்கப் போனாலும் அவர் நாற்காலியோடு எழுந்து சுவரோரம் ஒண்ட வேண்டும். தெருமுனையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் காலிசெய்த கடை ஒன்று இருந்தது. ஜன்னல் இருக்கும், வெளிச்சம் இருக்கும், யாரும் தாண்டிக் குளிக்கப் போக மாட்டார்கள். முன்பணத்தை மாதக் கடைசிக்குள் கொடுத்தால் கடை உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று கட்டிடக்காரர் சொல்லியிருந்தார். கொடுக்கப் பணம் இருந்தது. ரவிக்கை ரவிக்கையாகத் தைத்துச் சேர்த்தது. வங்கியில்.

அண்ணனின் கண் அந்தப் பணத்தின்மேல் விழுந்தது. ஒரு கல்லுக்கே இத்தனை டிங் என்றால், பத்துக் கல்லுக்கு? வீடே கோயில் மணிபோல் ஒலிக்காதா?

வங்கிக்குப் போனார், சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார்.

"சார், இது கூட்டுக் கணக்கு. உங்க மனைவி கையெழுத்தும் வேணும்."

"அவங்க மெஷின்ல உக்காந்திருக்காங்க."

"எழுந்ததும் கூட்டிட்டு வாங்க."

"இது என்னம்மா அநியாயம்? புருஷன் பொண்டாட்டிக்குள்ள கூடவா சந்தேகம்? யாரு போட்ட சட்டம் இது?"

அந்தப் பெண் பழைய தாளைத் தேடி எடுத்துக் காட்டினார். கணக்கு தொடங்கும்போது, இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு காசும் வெளியே போகக் கூடாது என்று வற்புறுத்தி எழுதிக் கொடுத்தவர் அண்ணனேதான். யாரையும் நம்பக் கூடாதல்லவா?

வீட்டுக்கு வந்து பேச்சுவார்த்தை தொடங்கினார்.

"இங்க பாரு, மூணே மாசம். ஒரு கடை என்ன, வரிசையா நாலு கடை புடிச்சுத் தர்றேன்."

"எனக்கு நாலு உடம்பு இல்லைங்க. ஒரு கடை போதும்."

அப்போது டிங்.

"கேட்டியா? இப்பத்தான் ஒருத்தன் மிதிச்சான்!"

அம்மாள் பெடலிலிருந்து காலை எடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சரிங்க. கையெழுத்துப் போடறேன்."

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆனா ஒண்ணு. இத்தனை நாளா அடிச்சுதே டிங்கு, அதுல கொஞ்சம் எடுத்து எனக்கு ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வாங்க. வெள்ளை நூலு. வாங்கிட்டு வந்தா, எங்க சொல்றீங்களோ அங்க போடறேன்."

"நூல்கண்டா! ஒரு பெட்டியே கொண்டாரேன்!" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வழியில் என்னைப் பார்த்து, "போய்ட்டு வந்திடறேங்கய்யா, டிங்கு காசை எடுத்து நூல்கண்டு வாங்கணும்" என்றார். பொக்கிஷம் எடுக்கப் போகிறவரின் முகம். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

சலூன் மாடிப்படியில் கூட்டம். எல்லாரும் கல்லுக்குச் சொந்தக்காரர்கள். மேலே அலுவலகக் கதவில் ஏழு லீவர் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் காணோம். திட்டக்காரரின் போன் அணைந்திருந்தது.

சலூன்காரர் முகம் வெளுத்துப்போய் நின்றார். "அண்ணே, நல்லவேளை வந்தீங்க. நீங்கதானே பூட்டுக்காரர். திறங்க."

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்த்தார். கையில் ஏந்தினார். இழுத்தார். பிறகு, என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? தொங்கினார். இறங்கியபோது அவர் முகத்தில் கவலை இல்லை, பெருமை.

"இது திறக்காது" என்றார். "நம்ம கடைப் பூட்டு. யாராலயும் உள்ள போக முடியாது. பணம் பத்திரமா இருக்கு."

"யோவ், யாராலயும்னா நம்மளாலயுமாய்யா?" என்று கத்தினார் கணக்கு வாத்தியார். ஆம், கணக்கு வாத்தியாரும் ஒரு கல் வாங்கியிருந்தார். ஏழாம் வகுப்புக்கு வட்டிக் கணக்கு எடுப்பவர்.

"சார், பூட்டக் குறை சொல்லாதீங்க."

வாக்குவாதம் முற்றி, பின்னாலிருந்தவர்கள் தள்ள, சலூன்காரர் கதவில் சாய்ந்தார். கதவு திறந்துகொண்டது. பூட்டு திறக்கவில்லை, நாதாங்கியைப் பிடித்திருந்த இரண்டு சின்னத் திருகாணிகள் உளுத்த மரத்திலிருந்து வெண்ணெய்போல் கழன்று வந்துவிட்டன. பூட்டு பூட்டியபடியே தரையில் கிடந்தது.

"பாத்தீங்களா!" என்றார் அண்ணன். "பூட்டு அப்படியே இருக்கு!"

உள்ளே மேசை இல்லை, நாற்காலி இல்லை, மின்விசிறி இருந்த இடத்தில் ஒரு கொக்கி. நடுவில் மாதிரிக் கல் மட்டும்.  அண்ணன் மெல்லப் போய் அதில் ஏறி நின்றார். விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுதுங்க!" என்று கூவினார்.

வாத்தியார் அவரைக் கீழே இறக்கிவிட்டுக் கல்லைப் புரட்டினார். அடியில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டு.

அந்த நேரத்தில் அண்ணனின் சட்டைப்பையில் டிங் என்றது. தொடர்ந்து வாத்தியாரின் பையில். பிறகு சலூன்காரரின் பையில். யாரோ குடும்பத்தோடு போகிறார்கள் போல.

வீட்டில் அம்மாள் தலைநிமிராமல் கேட்டார். "நூல்கண்டு எங்க?"

"கடை பூட்டியிருந்துச்சு."

"எந்தக் கடை?"

 அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலைல பேங்குக்குப் போறோம். ரெண்டு பேரும்" என்றார்.

போனார்கள். அண்ணனின் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை. படிவத்தை இரண்டு தடவை திருப்பி வாங்கி மறுபடியும் போட்டார். கவுண்டர்ப் பெண்ணிடம், "ரொம்பத்தான் உஷாரு" என்று முணுமுணுத்தாராம். மாதக் கடைசிக்கு முன்பே முன்பணம் கைமாறியது. அம்மாளின் மெஷின் இப்போது ஜன்னலோரம். திறப்பு நாளில் அண்ணன் ஏழு லீவர் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அம்மாள் அதைத் தொடவில்லை. முதலில் தச்சரைக் கூப்பிட்டு நாதாங்கியை மாற்றினார்.

அண்ணன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த வகையைப் பற்றி இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அவர் சொல்லும் விளக்கம் இது: அந்தக் கம்பெனி மூழ்கியதே வங்கியால்தான். அன்றைக்கே ஒரு கையெழுத்தில் பணத்தைக் கொடுத்திருந்தால், அந்தப் பத்துக் கல்லின் காசில் கம்பெனி நிமிர்ந்திருக்கும். "நம்பிக்கை இல்லாததுனாலதாங்கய்யா தொழில் எல்லாம் அழியுது!" போன வாரத்திலிருந்து அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார். மேகத்தில் பங்கு விற்கிறார்களாம். உங்கள் மேகம் எங்கே பெய்தாலும் உங்களுக்குக் காசு. விற்பவர் அடையாள அட்டை கேட்கவில்லையாம்.

இருக்கட்டும். சதவீதத்தைச் சொல்கிறேன் என்றிருந்தேன். இந்தக் கதையைப் பலரிடம் சொல்லிவிட்டேன். திட்டக்காரர் எங்கே ஓடினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த அம்மாளுக்குக் கடை நன்றாக நடக்கிறதா என்றும் கேட்டதில்லை. எல்லாரும், அண்ணனைப் பார்த்துச் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதுசரி, மாசம் எவ்வளவு தர்றதா சொன்னான்?"

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. எனக்குத் தெரியும். வெளியே கிளம்பும்போது கதவை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவர். அந்த எண்ணுக்காகவா இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்கள்? சேச்சே. இருந்தாலும், நான் அதைச் சொல்லாமலே முடிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் இப்போது உள்ளே எங்கோ லேசாக உறுத்துகிறது பாருங்கள், அந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு கல் பதித்திருக்கிறது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய போனில் இப்போதுதான் டிங் என்று அடித்திருக்கிறது.