சம்ப் காலி

தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சம்ப் நம்பிக்கை கட்டாயம் இருக்கும். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், தரைக்கடியில் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் எங்கள் குடும்பத்தின் மனநிலையைத் தீர்மானித்தது. அம்மா காலையில் எழுந்ததும் மூடியைத் தூக்கி ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பாள். குச்சி நன்றாக நனைந்தால் அன்றைக்குக் கேசரிகூடக் கிடைக்கும். நனையாவிட்டால் அப்பா தண்ணி லாரிக்கு போன் செய்வார். மற்றவர்கள் சத்தமில்லாமல் நடமாடுவோம்.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை, நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை வெளியேற்றும் வேலையில் சேர்த்துக்கொண்டது டெல்லி செய்த தவறு. (என் தவறு இல்லை என்று இன்றும் வாதாடத் தயார்.)

டெல்லி முனிர்காவில் ஓர் அறை, கையில் சுற்றுச்சூழல் பொறியியல் பட்டம், உடனே உலகத்தைத் திருத்திவிடும் அவசரம். அப்போது நான் அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில். முதலாளி சீனு சார், டெல்லியிலேயே பிறந்து, அங்கே மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் இறக்கிவிடுவார்.

திறந்தவெளிச் சுரங்கம் என்பது மாபெரும் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் கரித்தூளை அள்ளிக்கொண்டு அடியில் போய்ச் சேரும். அதற்கென்று அங்கே வெட்டி வைத்த குழிக்கும் சம்ப் என்றுதான் பெயர். அங்கிருந்து மோட்டாரால் மேலே இறைத்து, ஒரு தொட்டியில் தேக்கி, தூள் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஆற்றில் விட வேண்டும். மழைக்கு முன்பே சம்ப்பைக் காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் புதுத் தண்ணீருக்கு இடம் ஏது? எங்கள் திட்ட அறிக்கையில் இந்த வரியை எழுதியதே நான்தான். அதுவும் தடித்த எழுத்தில்.

சுரங்க நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தில் இதை விளக்க வேண்டியிருந்தது. எல்லோரும் திரையில் படம் காட்டுவார்கள், நான் ஓடுகிற மாதிரியே செய்து காட்டுகிறேன் என்று குதித்தேன்.

"பண்ணு. ஆனா இந்த ஆர்டர் வந்தாத்தான் உன் கன்ஃபர்மேஷன். சமஜ் கயீ?" என்றார் சீனு சார்.

நன்றாகவே புரிந்தது. ஆர்டர் வராவிட்டால் மடிப்பாக்கம். அங்கே அம்மா ஏற்கெனவே எனக்காக வங்கித் தேர்வுப் புத்தகங்கள் வாங்கி அடுக்கியிருந்தாள்.

தெர்மகோலில் பள்ளம், மீன்தொட்டி மோட்டார், நீலப் பிளாஸ்டிக் தாளில் ஆறு, மழைக்கு ஒரு பூவாளி. கரித்தூள் மட்டும் அசல். சுரங்கத்திலிருந்தே பையில் வந்தது. எல்லாவற்றையும் கூட்ட மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தபோது சீனு சார் மெட்ரோவிலிருந்து போன் செய்தார்.

"சம்ப்பை ரெடியா வெச்சுடு, இதோ வந்துட்டேன். ஜல்தி."

டெல்லி வீடுகளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர் 'டங்கி'. அவருக்கு சம்ப் என்றால் சுரங்கத்துக் குழி மட்டும்தான். ரெடி என்றால் காலி. எனக்கோ ரெடியான சம்ப் என்றால் ஒரே அர்த்தம். விளிம்பு வரை நிரப்பினேன். பென்சிலை விட்டு ஆழம்கூடப் பார்த்தேன். பென்சில் நனைந்தது. மனம் குளிர்ந்தது.

எதிரே வெள்ளை பேன்ட்டில் திரிபாதி ஜி. ஆர்டர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அவர் முன்னால் சமோசாத் தட்டு. சீனு சார் கணீரென்று இந்தியில் விளக்க, நான் பூவாளியைச் சாய்த்தேன். மழை அழகாகத்தான் பெய்தது. ஆனால் சம்ப்பில் சொட்டு இடமில்லை. கரித் தண்ணீர் மளமளவென்று பள்ளத்தை நிரப்பி, தெளியவைக்கும் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக ஆற்றில் இறங்கியது.

திரிபாதி ஜி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அரே, நதி தோ காலி ஹோ கயீ."

இந்தியில் கறுப்புக்கும் 'காலி', வெறுமைக்கும் 'காலி'. நடுவில் ஒரு மூச்சுக் காற்றுதான் வித்தியாசம். அந்தக் காற்று தமிழ்க் காதில் நுழையாது. ஆறு கறுத்துவிட்டது என்று அவர் சொன்னார். ஆறு வற்றிவிட்டது என்று என் காதில் விழுந்தது.

ஆறு காலியா? நான் இருக்கும்போதா? பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, மிச்சம் இருந்த அத்தனை தண்ணீரையும் ஆற்றில் கவிழ்த்தேன்.

ஆறு கரையை உடைத்தது. முதலில் சமோசாக்கள் மூழ்கின. அடுத்தது வெள்ளை பேன்ட்.

"அம்மா தாயே, நிறுத்து," என்றார் சீனு சார். ஓர் இந்திச் சொல்கூடக் கலக்காமல் அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

மடிப்பாக்கத்துக்கு ரயில் டிக்கெட் போடுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதற்குள் சீனு சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், எங்கள் திட்டத்தைப் பின்பற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இதுவரை பார்த்தீர்கள், இனி பின்பற்றினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம் என்று அறிவித்தார். (என்னிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு: "காலி பண்ணு. தமிழ்க் காலி.") டீக் கோப்பையால் சம்ப்பை மொண்டு மொண்டு வெளியேற்றினேன். இரண்டாவது மழையில் சம்ப் தாங்கியது, மோட்டார் இறைத்தது, தூள் படிந்தது. கடைசியில் ஆற்றுக்கு வந்த நீர் லெமன் டீ நிறத்தில் இருந்தது. போதும்.

எத்தனையோ விளக்கக் கூட்டம் பார்த்திருக்கிறேன், சலவைக்குப் போட வேண்டி வந்த கூட்டம் இதுதான் முதல் என்றார் திரிபாதி ஜி. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆர்டர் வந்தது. கன்ஃபர்மேஷனும் வந்தது, ஒரு நிபந்தனையோடு: மழைக்காலம் முழுக்க நான் சுரங்கத்திலேயே இருந்து சம்ப்பைக் கவனிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு வருடமும் போகிறேன். தலையில் ஹெல்மெட்டும் காலில் கம்பூட்ஸுமாக, காலியான குழியின் விளிம்பில் நின்று பூரித்துப்போகிற ஒரே மடிப்பாக்கத்துக்காரி நானாகத்தான் இருப்பேன். அலுவலகத்தில் எந்தக் கூட்டத்துக்கு முன்பும் யாராவது ஒருவர், "எந்தக் காலி?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அம்மாவுக்கு மட்டும் இந்த வேலை இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில், "டெல்லில இன்ஜினியர்தான். சம்ப்பைக் காலி பண்றாளாம்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறாளாம். இந்த வருடம் முதல் மழைக்கு முன்னால் சுரங்கத்திலிருந்து அவளை அழைத்தேன்.

"சம்ப் எப்பிடிடி இருக்கு?"

"சுத்தமா காலிம்மா," என்றேன், பெருமை பொங்க.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி விடு. மனசைத் தளர விடாத. நாளைக்கு லாரி வந்துடும்."