உட்காருடி!

தையல்காரர் வெட்டி வைத்திருந்த சட்டையின் இடது கை மேஜை மேல் இல்லை. கட்டிலுக்கு அடியில், நாய்க்குட்டியின் வாயில் இருந்தது.

"விடுடி! வாயைத் திறடி!"

குட்டி வாலை ஆட்டியது. வாயைத் திறக்கவில்லை.

மேஜையில் எத்தனை துண்டுகள் குவிந்து கிடந்தாலும், அன்றைக்கே தைத்துக் கொடுக்க வேண்டியதைத்தான் அது எடுக்கும். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, ஒரு நாளும் தவறியதில்லை. தையல்காரருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மாடிக்குப் போயிருந்த மனைவி இறங்கி வந்தாள். முகம் சரியில்லை.

மாடியில் இருந்தவர் வீட்டுக்கார அம்மா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்.

"என்னவாம்?"

"கீழே போடற சத்தம் தாங்கலையாம். 'ஞாயித்துக்கிழமை நானே வரேன். அதுக்குள்ள அடங்கலைன்னா வெளிய அனுப்பிடுவேன்'னு சொல்லிட்டாங்க. சொல்றப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணு கலங்கிப் போச்சு அவங்களுக்கு. நல்ல மனசுங்க."

"நல்ல மனசுக்காரங்கதான் பச்சைக் குழந்தையை வெளிய அனுப்புவாங்களாக்கும்."

அனுப்புவதென்றால் மச்சானின் கிடங்குதான். இரும்புக் கதவு, கனத்த சங்கிலி. தையல்காரர் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு நாள் இருக்கு. பழக்கிடறேன்."

முதல் நாள் கொஞ்சலாகத்தான் ஆரம்பித்தார்.

"உட்காருடி."

குட்டி குதித்தது.

"உட்காருடி!"

குட்டி ஓடிப்போய் வக்கீலின் கோட்டை இழுத்து வந்தது.

அந்தச் சமயம் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த விளையாட்டு வாத்தியார், "குரல் தொண்டையிலேர்ந்து வரக் கூடாதுங்க. வயித்திலேர்ந்து வரணும்" என்றார்.

மறுநாள் வயிற்றிலிருந்து வந்தது. பல வருஷமாகத் தையல் மிஷினை மீறிப் பேசி வளர்ந்த குரல் அது. தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீங்க போடற கூச்சலுக்கு நானே ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்துட்டேன்" என்றாள் மனைவி. "அது அசையுதா பாருங்க."

மூன்றாம் நாள் குட்டியின் சாப்பாட்டுத் தட்டையும் சேர்த்துத் தட்டினார்.

"சொன்னா கேக்க மாட்டியா? இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாதுடி!"

மேலே ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

"பாத்தியா? எல்லாம் உன்னாலதான்" என்றார் குட்டியிடம். இரண்டு நிமிஷம் கழித்துத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் குரல் கட்டிப் போயிற்று. குட்டி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார். இடுப்பில் கை. முகத்தில் சிரிப்பில்லை.

தையல்காரர் பதறி எழுந்தார். வாடிக்கையாளர்களிடம் பேசும் குரல் தானாக வந்தது.

"வாங்கம்மா. உட்காருங்க."

அம்மா உட்காரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வந்த குட்டி உட்கார்ந்தது.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"எழுந்திருங்க" என்றார், மெதுவாக.

எழுந்தது.

"நேரா நில்லுங்க."

நின்றது.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பியது.

"கையைத் தூக்குங்க."

முன்னங்காலைத் தூக்கியது. அளவு எடுத்து முடிக்கும் வரை இறக்குவதில்லை என்பதுபோல் அப்படியே வைத்திருந்தது.

மூன்று வாரமாக, அளவு கொடுக்க வந்தவர்களிடம் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அது மேஜைக்கு அடியில் இருந்தபடியே படித்திருக்கிறது. ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"மரியாதையா சொன்னாத்தான் கேப்பேன்னு இருந்திருக்கா, மகராசி!" மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

தையல்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தீங்களாம்மா? இனிமே அதட்டவே மாட்டேன். வாங்க, போங்கன்னுதான் பேசுவேன். இவ இல்லைன்னா எனக்கு வீடே இல்லைம்மா. வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க."

அம்மா குட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஐயையோ, இத்தனை நாளா அதட்டினது இந்த நாயையா? நான் உங்க சம்சாரத்தைன்னு நினைச்சு, உங்களைத்தான் வெளிய அனுப்பறதா இருந்தேன்!"