ஆமாம்சாமியின் அருமை பெருமைகள்

பணிவு என்னும் அரும்பண்பு உலகை விட்டே போய்விட்டது என்று புலம்புகிறவர்கள், அந்த நிறுவனத்தின் டிரைவரைப் பார்த்ததில்லை. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்ல. கருவிகளிலிருந்து கேபிள் வழியே வரும் எழுத்துகளைக் கணினிக்குள் சேர்க்கும் மென்பொருள். எந்தக் கட்டளை இட்டாலும் 'சரி' என்னும். மறுத்துப் பேசி அறியாது. செய்தும் அறியாது என்பது வேறு விஷயம். அலுவலகமே அதை 'ஆமாம்சாமி' என்று கொஞ்சியது.

அப்பேர்ப்பட்ட உத்தமனிடம் குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கும் பாவி ஒருத்தி சோதனைப் பிரிவில் இருந்தாள். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிக்காக ஒரு மருத்துவமனை அந்த டிரைவரைக் கேட்டிருந்தது. 'வரும் எழுத்து வழியில் கெட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்' எனக் கட்டளையிட்டாள். ஆமாம்சாமி 'சரி' என்றது. மின் இரைச்சலில் எழுத்து கெடட்டும் என்று, ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் கேபிளைப் போட்டுப் பார்த்தாள். வெப்பமானி அனுப்பிய 37, கூச்சமே இல்லாமல் 33 ஆக வந்து நின்றது. உள்ளே இல்லாத குழந்தைக்குக் குளிர்கிறது என்று நம்பி, சோதனைக்கு வந்திருந்த பெட்டி சூட்டை ஏற்றத் தொடங்கியது. அவள் சட்டென்று கேபிளைப் பிடுங்கினாள். அக்கா மகள் பிறந்ததும் கிடந்தது இப்படியொரு பெட்டியில்தான்.

கூட்டம் கூடியது.

"பிழைச் செய்தி ஏதாவது வந்துச்சாம்மா?" என்றார் மேலாளர்.

"வரலை சார். அதுதான் பிரச்சினையே."

"வரலைன்னா பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?"

டிரைவரை எழுதியவர் புன்னகைத்தார். "சந்தேகமா இருந்தா அதையே கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். சரிபாக்குறேன்னு சொல்லுது. நான் சொன்னதைக் குறிச்சு வச்சுக்கிட்டு எனக்கே திருப்பிச் சொல்லுது. சரிபாக்க வேண்டிய சிப்புக்கு ஒரு வார்த்தை போகலை."

"பாத்தியாம்மா, என்ன ஞாபகசக்தி!" என்று மேலாளர் நெகிழ்ந்தார்.

"முடியலைன்னா முடியாதுன்னாவது சொல்லட்டுமே சார்."

அறை அதிர்ந்தது. வாடிக்கையாளர் காதில் 'முடியாது' விழுவதா! சரிபார்ப்பு 'கொள்கையளவில்' நடந்துகொண்டிருப்பதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"சாயங்காலத்துக்குள்ள மருத்துவமனைக்கு அனுப்பிடும்மா. சரியா?"

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். "சரி சார்."

மதியம் மேலாளர் அவளை வழியில் மடக்கி, "அனுப்புற வேலை நடக்குதில்ல?" என்றார். "நடக்குது சார்" என்றாள். அவர் மனநிறைவோடு காபி குடிக்கப் போனார்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எதுவும் வந்து சேரவில்லையாம். மேலாளர் அவள் மேசைக்கே பாய்ந்து வந்தார்.

"சரின்னு சொன்ன! கேட்டப்பவும் நடக்குதுன்ன! உன்னை நம்பி உக்காந்திருந்தேனே! செய்யாமலே சரி, சரின்னு சொல்றதுக்குப் பேர் என்ன தெரியுமா? பச்சைத் துரோகம்!"

அவள் பாதியில் நின்றிருந்த சோதனை அறிக்கையைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார், எழுதிக்கிறேன். காலையிலேர்ந்து அந்த வார்த்தைதான் எனக்குக் கிடைக்காம இருந்துச்சு."