கஷ்டத்தைக் காட்டப் போன நாள்

முனிசிபாலிட்டி ஆபீசரைக் கூட்டிட்டு வந்து எங்க கஷ்டத்தைக் காட்டணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகள்ல நடந்தது. காரைக்கால்ல எங்க வீட்டுல ரெண்டு ரூமு, பதினோரு பேரு. புதுசா கல்யாணமான என் தம்பிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் அடுப்பங்கரையிலதான் படுக்கை.

"ஆடிக்கு வரிச்சிக்குடிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். தனி ரூம் கட்டினாத்தான் திரும்பி வருவேன்"னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. தம்பி என்கூடப் பேசறதையே நிறுத்திட்டான்.

கொல்லையில ஒன்பதடி அகலத்துக்கு இடம் கெடக்கு. ஆனா சட்டப்படி ரெண்டு பக்கமும் மும்மூணு அடி விட்டுத்தான் கட்டணுமாம். மிச்சம் மூணடி. அதுல ரூம் கட்டினா புருஷனும் பொண்டாட்டியும் வரிசையிலதான் நிக்கணும்.

முழு இடத்துலயும் கட்ட அனுமதி கேட்டு மனு குடுத்தேன். "ரொம்பக் கஷ்டப்படற குடும்பம்னா விலக்கு உண்டு. நான் நேர்ல பாக்கணும்"னாரு ஆபீசர்.

அவர் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வழியெல்லாம் அழுதேன். "உள்ள நுழையவே இடம் இருக்காது சார். யாரையும் மிதிச்சுடாம வாங்க."

கதவைத் திறந்தேன். ஈ காக்கா இல்ல.

கூடத்து நடுவுல, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற எதிர்வீட்டுக்காரரோட சோபா. பக்கத்துல பட்டுப்புடவையில என் சம்சாரம் சரசு.

"எங்கடி எல்லாரும்?"னு காதோட கேட்டேன்.

"எதிர்வீட்டுக்கு அனுப்பிட்டேங்க. ஆபீசர் வர்றப்ப சந்தைக்கடை மாதிரியா இருக்கறது?"

ஆக, ஒன்பது பேர் அங்க போயிருக்காங்க, சோபா இங்க வந்திருக்கு.

ஆபீசர் சாஞ்சு உக்காந்தாரு. "வீட்டுல என்னம்மா கஷ்டம்?"

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க"ன்னு அல்வாத் தட்டை நீட்டினா சரசு.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்வீட்டு ஜன்னல்ல தலை மேல தலையா ஒன்பது தலை.

"அங்க பாருங்க சார், எவ்வளவு நெருக்கடி!"

எட்டிப் பாத்தாரு. "பாவம்தான். அவங்களை ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க."

வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே தயங்கினாரு. "நான் பாண்டிச்சேரிலேர்ந்து மாத்தலாகி வந்திருக்கேன். உள்ரூம் சும்மாத்தானே இருக்கு, வாடகைக்குக் குடுப்பீங்களா?"

அவர் போனதும் சரசு சொன்னா: "பாத்தீங்களா, ஆபீசருக்கே நம்ம வீடு புடிச்சுப் போச்சு."

மனு தள்ளுபடி. தம்பி பொண்டாட்டி ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே பெட்டியைக் கட்டிட்டா.

மறுபடியும் மனு எழுதிப் போட்டேன். இந்தத் தடவை ஆபீசர் வர்ற தேதியை வீட்டுல சொல்லல.