இரண்டு தையலாவது போடுங்கள், டாக்டர்!

சாயிராவை இந்த வாரத்துக்குள் வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மகள் ருக்ஸானாவின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூரின் இன்னொரு மூலையில் இருக்கும் கிளமெண்டிக்குப் போனவள். நாற்பது நாள் முடிந்ததும் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. பேரன் முஆத் குப்புற விழவே ஆரம்பித்துவிட்டான்; இவள் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

காலையில் நான் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து, "என்னங்க, குடையை எடுத்தீங்களா?" என்று ஒரு குரல் வரும். முப்பது வருஷமாக எரிச்சலூட்டிய குரல். இப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அதற்காகக் காத்து நிற்கிறேன். வருவதில்லை. நனைந்துகொண்டே தேக்காவில் இருக்கும் என் மளிகைக்கடைக்குப் போகிறேன்.

நேராக "வா" என்று கூப்பிட்டிருக்கலாம். ஆனால், பெண்டாட்டியைப் பிரிந்து இந்த அப்துல் கஃபார் ஏங்குகிறார் என்று சம்பந்தி வீடு வரை சிரித்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, கடைவாய்ப் பல்லை மூடிக்கொண்டு ஈறு வளர்ந்து வலித்தது. இவ்வளவு சந்தோஷமாக எந்த மனிதனும் பல் டாக்டரிடம் ஓடியிருக்க மாட்டான்.

"லேசர்ல எடுத்துடலாம் அங்கிள். பத்து நிமிஷம்," என்றார் டாக்டர் அபிகேல்.

"ரத்தம் வருமா?" ஆசையாகக் கேட்டேன்.

"ரொம்பக் கம்மி. லேசரே அடைச்சிடும்."

"வீங்குமா?"

"பெருசா வீங்காது."

"ரெண்டு தையலாவது போடுங்க, டாக்டர்."

"உங்களுக்குத் தேவையே இல்ல. பயப்படாதீங்க!"

கண்ணுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். மரத்துப்போன வாயில் கொஞ்சம் தீய்ந்த வாடை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. விஞ்ஞானம் ஒரு குடும்பஸ்தனை இப்படியா கைவிடும்?

வீட்டுக்கு வந்து கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"சாயிரா... லேசர் ஆபரேஷன். ஆறு தையல்."

"யா அல்லாஹ்! ஆறா?"

"கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக்கூட ஆளில்ல."

"தனியா இருக்காதீங்க. உடனே..."

என் நெஞ்சு துள்ளியது.

"உடனே டாக்ஸி பிடிச்சு இங்க வந்துடுங்க."

போனேன். அவள் வராவிட்டால் என்ன, அவள் இருக்கும் இடத்தில் நானும் இருப்பேனே! வாசலிலேயே நின்றிருந்தாள். கஞ்சியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். வாயைத் திறந்து காட்டுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் முஆதைத் தூக்கி என் தோளில் போட்டாள்.

"ஆறு தையல்னா கடைக்கும் போக முடியாது. இவனைப் பார்த்துக்கிட்டு ரெஸ்ட் எடுங்க. நான் ஈசூன் வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுறேன்."

போனவள் போனவள்தான். பேரன் என் சட்டையெல்லாம் பால் கக்கினான். மகள் "அத்தா, டயாபர்!" என்று குரல் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவளுக்குப் பிரியாணி, எனக்கு உப்பில்லாக் கஞ்சி. நாலாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் போனைப் போட்டேன்.

"சாயிரா, தையலெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"தெரியும். போன வருஷம் எனக்கும் நம்ம பல் டாக்டர்தான் இதே லேசர் பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரி உங்களுக்கு மீன் ஆணம் ஆக்கிப் போட்டேனே!"

மானம் போனது போனதுதான். மனசையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நீ இல்லாம அது வீடாவே இல்ல. மூணு மாசமா ஏங்கிப் போயிட்டேன், சாயிரா."



"எனக்கும் மூணு மாசமா ஏக்கம்தாங்க," என்றாள். குரல் இளகியிருந்தது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "என் மேலயா?"

"நம்ம கட்டில் மேல. கதவைச் சாத்திட்டுப் படுக்கப்போறேன், சாயங்காலம் வரைக்கும் கூப்பிடாதீங்க."