பக்கத்தில் சிந்தாத சத்தம்

திருச்சி வட்டாரத்து ஏடிஎம் மொட்டைமாடிகளில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வெள்ளை டிஷ்களில் பாதி, வளவன் கையால் நிறுத்தியவை. அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "டிவி டிஷ்ஷுக்குக் கேக்க மட்டும்தான் தெரியும். நம்ம டிஷ் பேசவும் செய்யும்" என்பான். பேசுகிற எதற்கும் கட்டுப்பாடு வேண்டுமே. தன் சேட்டிலைட்டிடம் நேராகப் பேச ஓர் அளவு உண்டு. பக்கவாட்டில் சிந்துவதற்கு அதைவிடக் கறாரான அளவு. மீறினால் பக்கத்து சேட்டிலைட்காரர்கள் புகார் கொடுப்பார்கள், சர்க்கார் டிஷ்ஷை மூடச் சொல்லிவிடும். வளவன் நிறுத்திய டிஷ் ஒன்றுகூட இதுவரை அளவு மீறியதில்லை.

வீட்டில்தான் மீறிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி மணிமேகலைக்குப் பிறவியிலேயே கணீர்க் குரல். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவள் "என்னங்க" என்றால் காவிரிக்கு அக்கரையில் நாலு புருஷன்மார் திரும்பிப் பார்ப்பார்கள். வளவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் அவனுடைய மேனேஜர் நசுருதீன். அவரிடம்தான் "எங்க வீட்டுல நான் வச்சதுதான் சார் சட்டம்" என்று மார்தட்டி வைத்திருந்தான். திங்கட்கிழமை ஆபீசுக்குள் நுழைந்ததும் மேனேஜர் கேட்டார்.

"என்ன வளவன், ஈரத் துண்ட மறுபடியும் கட்டில்ல போட்டுட்டீங்களா?"

மானம் கப்பலேறிவிட்டது. அன்று சாயங்காலமே சட்டம் போட்டான்.

"மணி, இங்க வா. இனிமே இந்த வீட்டுல சத்தத்துக்கு லிமிட்டு."

"என்ன லிமிட்டு?"

"நீ என்ன வேணா சொல்லிக்க. ஆனா நேரா எனக்கு மட்டும் வரணும். பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. எல்லா டிஷ்ஷுக்கும் இதான் சட்டம்."

"உங்களுக்கே கேக்கலைன்னா?"

"அதெல்லாம் கேக்கும்."

"இல்லங்க, மழை கிழை வந்து சேட்டிலைட்டுக்குக் கேக்கலைன்னா உங்க டிஷ் என்ன பண்ணும்?"

"கொஞ்சம் பவரக் கூட்டும். அதுவும் லிமிட்டு வரைக்கும்தான்."

"கேட்டுருச்சான்னு எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வரும்ல. பதில் வந்துட்டா விஷயம் முடிஞ்சுது."

"அப்புறம், எனக்குக் கேக்கலைன்னு மாத்திப் பேச முடியாதா?"

"அதெப்படி முடியும்? பதில்னா பதில்தான்."

மணிமேகலை சற்று யோசித்தாள். "சரிங்க. நல்ல சட்டம்தாங்க" என்றாள்.

கல்யாணமான நாளாய் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். வளவனோ மீசையைத் தடவிக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரம் வீடு அப்படி ஓர் அமைதி. மணிமேகலை அவ்வப்போது நாற்காலியருகே வந்து குனிவாள். அவன் காதுக்கு நேரே மெல்ல ஏதோ சொல்வாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வளவன் "உம்" என்பான். அவள் போய்விடுவாள். இதல்லவா குடும்பம் என்று அவனுக்குப் பூரித்துப் போயிற்று.

மேனேஜருக்கே ஆச்சரியம். "சத்தத்தையே காணோமே வளவன். வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல சார். லிமிட்டு போட்டிருக்கேன்." விவரத்தை அவன் சொல்லச் சொல்ல, நசுருதீன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையில் குரங்குகள் சாய்த்துவிட்ட டிஷ் ஒன்றை நிமிர்த்திவிட்டு, முறுக்குப் பொட்டலத்தோடு வளவன் வீட்டுக்குள் நுழைந்தான். மணிமேகலை கரண்டியோடு வாசலிலேயே நின்றாள்.

"சீக்கிரம் கைகால் கழுவுங்க. உங்க மேனேஜரும் அவர் சம்சாரம் நசீராவும் சாப்பிட வராங்க. நீங்க சமைக்கணும்."

"நானா?" என்று அலறினான்.

மணிமேகலை உதட்டில் விரல் வைத்தாள். "லிமிட்டுங்க."

குரலை இறக்கிக்கொண்டான். "இதெல்லாம் எப்ப சொன்ன?"

"அவங்களச் சாப்பிடக் கூப்பிடட்டுமான்னு செவ்வாய்க்கிழமை கேட்டேன். உம்முன்னீங்க. நீங்களே சமைக்கிறீங்களான்னு வியாழக்கிழமை கேட்டேன். அதுக்கும் உம்முன்னீங்க."

"எனக்குக் கேக்கவே இல்லடி."

"கேக்காம எப்படிங்க பதில் வந்துச்சு? லிமிட்டு வரைக்கும் கூட்டித்தான் சொன்னேன்."

சட்டம் அவன் போட்டது. யாரிடம் போய் முறையிடுவான்? வெங்காயம் உரிக்கப் போனான்.

கூடத்தில் விருந்தாளிகள். சமையலறை வாசற்படியில் மணிமேகலை. அவனை மட்டும் பார்த்து, அவனுக்கு மட்டும் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"உப்பு. போதும். அடுப்பக் குறைங்க. அது மிளகாய்த்தூள் இல்லங்க, மஞ்சத்தூள்."

கூடத்துக்கு ஒரு சொட்டு சிந்தவில்லை. மேனேஜர் கண்ணில் பட்டதெல்லாம் வளவனின் முதுகும், அது அசைகிற மிடுக்கும்தான். மண்ணச்சநல்லூர் பொன்னி பூவாய் வெந்திருந்தது. கத்திரிக்காய்க் குழம்பை நசுருதீன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மாஷா அல்லா. டிஷ் திருப்புற கைக்கு இப்படி ஒரு ருசியா? நம்ம ஆபீஸ்லயே நீங்கதான் ஆம்பள, வளவன். வீட்டையும் அடக்கி, அடுப்பையும் அடக்கி வச்சிருக்கீங்க."

வளவனுக்கு நெஞ்சு விம்மிற்று. வழியனுப்ப கேட் வரைக்கும் போனான். அங்கேயும் மேனேஜர் புகழ்ச்சியை நிறுத்தவில்லை.

"உங்க சட்டத்த எங்க வீட்டுலயும் போட்டாச்சு. ரெண்டு நாளா என்ன ஒரு அமைதிங்கிறீங்க."

நசீரா மணிமேகலையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆண்கள் இருவரும் கவனிக்கவில்லை. தன் காதருகே மணிமேகலை ஏதோ சொன்னதையும் வளவன் கவனிக்கவில்லை. மேனேஜரைப் பார்த்தபடியே பழக்கதோஷத்தில் "உம்" என்றான்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், தொட்டி நிறையப் பாத்திரம். மணிமேகலை நாற்காலியில் சாய்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட் கிட்ட என் காதுல என்ன சொன்ன?" என்றான் வளவன், தான் "உம்" சொன்னது அப்போதுதான் உறைக்க.

"பாத்திரம் நீங்கதானே கழுவுறீங்கன்னு கேட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை சமையலும் உங்களோடதுதானேன்னும் சேத்துக் கேட்டேன். பதில் வந்துருச்சுங்க."

வளவன் கத்த வாயைத் திறந்தான். மேனேஜர் வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது. அளவு மீறாமல், பக்கத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல், மனைவிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"சரிங்க."