மே. இடிமுழுங்கியின் அங்க அடையாளங்கள்

கார்த்திகா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முறத்தில் இலை, மடியில் காம்பு. எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்த மூன்று வயது பவ்யா, "அப்பால ராட்சசி இன்னா பண்ணா?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுவா, சிரிச்சா. அவ சிரிச்சா பட்டாபிராம் ஸ்டேஷன்ல நிக்கிற ரயிலுக்கே வேர்த்துப்பூடும்."

ராட்சசியின் பெயர் இடிமுழுங்கி. மேகத்துக்குப் பிறந்தவள். கோபம் வந்தால் அவள் கூந்தலில் தேள் பூக்கும். நிமிர்ந்தால் தலை வானத்தில் இடிக்கும் என்பதால் கொஞ்சம் குனிந்தே நடப்பாள். அதைப் பார்த்து, ரொம்பப் பணிவான பொம்பளை என்று ஊர் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் எதிரே வந்தால் முந்தானை நுனியைத் திருக ஆரம்பித்துவிடுவாள். ஆனால் இடிமுழுங்கியை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். நூலகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். நூலகர் கிருஷ்ணப்பிரியா படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா இருக்கும்மா. போட்டுடலாம். உன் பேரு அச்சுல வரும்."

கார்த்திகாவின் பெயர் அதுவரை அச்சில் வந்தது இரண்டே இடத்தில். ஒன்று கல்யாணப் பத்திரிகை, இன்னொன்று ரேஷன் கார்டு. இரண்டிலும் அவளுக்கு மேலே வேறு ஆள் பெயர் இருந்தது. தனியாக, தடித்த எழுத்தில், கார்த்திகா என்று மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பாத்திரச் சான்று வாங்கிக் குடுத்துடணும்" என்றார் நூலகர்.

பாத்திரச் சான்று பற்றித் தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்லிவிடுவோம். மாயாஜாலக் கதைகளில் வரும் ராட்சசர், பூதம், மந்திரவாதி முதலானோரின் வர்ணனை தெளிவாக இல்லாமையால், வாசகப் பெருமக்கள் அவர்களை வழியில் கண்டால் அடையாளம் தெரியாமல் அவதியுறுகிறார்கள் எனப் புகார்கள் பெறப்பட்டதை முன்னிட்டு, கதைநலத் துறை என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. வந்த புகார்கள் இரண்டு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

அன்று வெள்ளிக்கிழமை. கீரையை அப்படியே மூடி வைத்துவிட்டு, பவ்யாவைப் பக்கத்து வீட்டு சரசாவிடம் விட்டுவிட்டு, கார்த்திகா நோட்டும் டி.சி.யுமாகக் கிளம்பினாள். எந்த ஆபீசுக்குப் போனாலும் பள்ளிக்கூட டி.சி. கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

முகப்பேரில் கதைநலத் துறை ஆபீஸ் வாசலில், வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கீழே தேவராஜ் மேசை போட்டிருந்தார். இருபது வருஷம் லைசென்சுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தவர். போன மாதம் செல்போனிலேயே மூன்று நாள் வகுப்பு ஒன்று படித்துவிட்டு, 'வர்ணனை ஆலோசகர்' என்று போர்டு மாட்டிக்கொண்டார்.

"வா தங்கச்சி. யாரு, பூதமா, பேயா?"

"ராட்சசிண்ணா."

"கண்ணு இன்னா கலரு?"

"கறுப்புதான்."

தேவராஜ் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கறுப்பு கண்ணுக்கு யாரு பயப்படுவா? நான் கூடத்தான் வெச்சிகினு கீறேன். இப்ப பச்சைதான் ஓடுது. போன வருசம் ஊதா போச்சு, இப்ப ஊதா போட்டா சிரிப்பாங்க. பச்சைன்னே போட்டுடறேன். சின்ன வயசுல இன்னா சோகம்?"

"சோகமா?"

"ஆமா. உள்ள ஒரு காயம் இருக்கணும். இப்பல்லாம் காயம் இல்லாத கேரக்டரை எவனும் தொடறதில்ல."

"அவ பொறக்கும்போதே பெரிய ஆளாண்ணா. சின்ன வயசே கிடையாது."

தேவராஜ் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "அடடா! சின்ன வயசே இல்லாத சோகம். இன்னாமா சோகம்!" என்று சொல்லி, எழுதும்போதே மூக்கை உறிஞ்சினார். ஆயிரம் ஃபாரம் எழுதினவர், கண் கலங்கியது அன்றுதான்.

உள்ளே கண்காணிப்பாளர் திருவேங்கடம், முதுகில் துண்டு போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விதியை மீறாதவர். விதி இல்லாத இடத்தில் மூச்சு விடவும் யோசிப்பவர்.

"தகப்பனார் பெயர்?"

"மேகம் சார்."

"அப்போ மே. இடிமுழுங்கி. உயரம்?"

"நிமிந்தா வானத்துல இடிக்கும் சார்."

"செ.மீ.யில் சொல்லுங்க. மூன்று கட்டம்தான் இருக்கு."

கார்த்திகா முந்தானையைத் திருகினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே செ.மீ., கர்ப்ப காலத்தில் நர்ஸ் அவளையே அளந்து சொன்னதுதான். "நூத்தி ஐம்பத்தஞ்சு" என்றாள்.

"நிறம் மாநிறம்னு போட்டுடறேன். வேற கலர் ஃபாரத்துல இல்லை. அங்க அடையாளம் இரண்டு?"

"கூந்தல்ல தேள் பூக்கும் சார்."

"எப்பவுமா?"

"கோவம் வந்தா மட்டும்."

"மாறாத அடையாளம் வேணும்மா. அவங்க சாந்தமா இருக்கும்போது நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? மச்சம் சொல்லுங்க."

ஆக, இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று முடிவாயிற்று. அதன்படி நோட்டிலும் அடித்துத் திருத்தச் சொன்னார். கார்த்திகா தேளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். பிள்ளைக்குத் தன் கையாலேயே மொட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் பேர் அச்சில் வருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மணி நாலரை.

திருவேங்கடம் ஃபாரத்தையும் நோட்டையும் அருகருகே வைத்து, விரல் வைத்துப் பார்த்தார். "எல்லாம் ஒத்துப்போகுது. மேற்படி ராட்சசி சரிபார்க்கப்பட்டார். இனி எழுதியவர். டி.சி. குடுங்க."

டி.சி.யைப் பார்த்தார். "இடது உள்ளங்கையில் ஒரு மச்சம். காட்டுங்க."

கார்த்திகா கையை நீட்டினாள். உள்ளங்கையில் கீரைக் கறை இருந்தது. மச்சம் இல்லை.

"சார், எங்க பால்ராஜ் வாத்தியாரு கடைசி நாள்ல அவசரத்துல எல்லா பசங்களுக்கும் அதையே எழுதிட்டாரு சார். நாப்பத்திரெண்டு பேருக்கும் உள்ளங்கையில மச்சம்."

"அது எனக்குத் தெரியாது. விதி ஏழு. எவருடைய தோற்றம் அவருடைய எழுத்து வர்ணனையோடு ஒத்துப்போகவில்லையோ, அவர் கற்பனை எனக் கொள்ளப்படுவார்." அவள் பெயருக்கு நேரே முத்திரை குத்தினார். கற்பனை எண் பதினேழு.

கார்த்திகா அந்த முத்திரையைப் பார்த்தாள். அவளிடமிருந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, ஓர் அதிகாரியைப் பார்த்து ஒரு கேள்வி வந்தது.

"உங்க டி.சி.யில இன்னா போட்டுகீது சார்?"

திருவேங்கடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து டி.சி.யைப் பார்த்து எழுதிய தன் பணிப்பதிவேட்டை எடுத்தார். 'வலது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு.' செல்போனைக் கண்ணாடியாகப் பிடித்துப் பார்த்தார். புருவம் பட்டுப் போல இருந்தது. கூடவே உள்ளே வந்திருந்து எட்டிப் பார்த்த தேவராஜ் சட்டென்று தன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். அவருடைய சான்றிதழ்ப்படி கழுத்தில் இருக்க வேண்டிய மச்சத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

வேறு அதிகாரியாக இருந்தால் பதிவேட்டை மூடி வைத்திருப்பார். திருவேங்கடம் விதியை மீறாதவர். தன் பெயருக்கு நேரே தானே முத்திரை குத்தினார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, துண்டைச் சரியாக மடித்துப் போட்டார்.

"அப்போ இந்த ரூம்ல நெஜம்னு யார்தான் சார் கீறது?" என்றார் தேவராஜ்.

"சரிபார்க்கப்பட்டவர் ஒருவர்தான். மே. இடிமுழுங்கி. விதி ஒன்பதின்படி இந்த நிமிஷத்திலிருந்து அவர்தான் பொறுப்பு அலுவலர்."

"அவங்க எப்பிடி சார் கையெழுத்துப் போடுவாங்க?"

"அவருக்காக நான் போடலாம். நிஜ அலுவலருக்காகக் கற்பனை ஆள் கையெழுத்துப் போடக் கூடாதென்று விதி எதுவும் இல்லை."

நாலு ஐம்பத்தெட்டுக்குச் சான்று கிடைத்தது. கார்த்திகா எதிர்த் தெருவில் இருந்த நூலகத்துக்குத் தலைதெறிக்க ஓடிக் கொடுத்தாள்.

மலர் வந்தது. கதையும் வந்தது. கற்பனை ஆள் கதை எழுத முடியாது, நிஜ ஆளைப் பாத்திரமாக்கவும் அனுமதி இல்லை என்பதால், சான்றில் இருந்தபடி இரண்டு பெயரையும் இடம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். எழுதியவர்: மே. இடிமுழுங்கி. தனியாக, தடித்த எழுத்தில். பாத்திரம்: கார்த்திகா, 155 செ.மீ., மாநிறம், பச்சைக் கண், சின்ன வயசே இல்லாத சோகம்.

சோகம் மட்டும் எப்படிச் சரியாகப் போட்டார்கள் என்று கார்த்திகாவுக்குப் புரியவில்லை.

சரசா வந்து, "யாருடி அந்த இடிமுழுங்கி அம்மா? இன்னாமா எழுதிகீறாங்க! நீயுந்தான் கீறியே, வூட்டுல சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் விஷயம் பரவி, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரைக்கும் ஆளாளுக்குத் தங்கள் டி.சி.யை எடுத்துப் பார்த்திருந்தார்கள். மறு வாரம் அந்த ஆபீஸ் வாசலில் தெருக்கோடி வரை வரிசை. வாத்தியார், டாக்டர், கவுன்சிலர், ஐ.டி. கம்பெனி ஆட்கள், எல்லாரும் கற்பனை. எல்லாருக்கும் கையெழுத்து வேண்டியது காலி நாற்காலியிடம். வேலை மட்டும் முன்னைப் போலவே நடந்தது. வித்தியாசம் தெரிந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் எதற்கும் ஒரு தடவை உங்கள் டி.சி.யைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தன் பெயரைத் திரும்பக் கேட்க கார்த்திகாவும் போயிருந்தாள். மேல்முறையீட்டு ஃபாரத்தில் ஒரே கேள்விதான் இருந்தது: 'தாங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பும்படி தங்களை வர்ணிக்கவும்.'

தேவராஜ் பச்சைக் கண் போட வந்தார். "வேணாண்ணா, நானே எழுதிக்கிறேன்" என்றாள். உயரம் எழுதினாள், அடித்தாள். நிறம் எழுதினாள், அடித்தாள். பிறகு வராந்தா பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து, ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் எழுத ஆரம்பித்தாள்.

'நான் எழுந்து நின்றால் ஓடுகிற ஃபேன் தானாக நின்றுவிடும். நான் வாயைத் திறந்தால் மேசையில் இருக்கிற ரப்பர் ஸ்டாம்பெல்லாம் எலிக்குட்டி மாதிரி ஓடிப்போய்'

"கற்பனை எண் பதினேழு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதினேழு! இன்னாமா, கீறியா இல்லியா?"

கார்த்திகா பேனாவை மூடாமலே எழுந்து நின்றாள். தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்...